பேப்பர் பக்கா

ஒரு பொருள் ஆபத்தில்லாதது என்று தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்திய பிறகு, அதே பொருள் ஒருவர் கையைச் சுட்டுவிட்டால் பிழை எதனுடையது? பொருளினுடையதா, தாளினுடையதா, கையினுடையதா? லட்சுமிகாந்தத்தின் முப்பது ஆண்டு உத்தியோக வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் பதிலும் இருந்தது. கையினுடையது. அந்தக் கை அந்த நேரத்தில் அங்கே இருக்கும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லையே!

தனி மனிதரைப் பற்றி எழுதி அவருக்கு இல்லாத பெருமையைச் சேர்ப்பது என் நோக்கமல்ல. லட்சுமிகாந்தம் ஓர் இனத்தின் உருப்படி. அந்த இனத்துக்கு எங்கள் பக்கத்தில் 'பேப்பர் பக்கா' என்று பெயர். அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல்லே அவர்களுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. கூரை ஒழுகுகிறது என்று சொல்லிப்பாருங்கள். "கட்டட உறுதிச் சான்று இருக்கு, பேப்பர் பக்கா" என்பார்கள். பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிப்பாருங்கள். தகுதிச் சான்று இன்னும் ஏழு மாதத்துக்குச் செல்லும் என்று தேதியோடு சொல்வார்கள். அந்த ஏழு மாதத்தை பிரேக்கும் மதித்து நடக்கவேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. சட்டைப் பையில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று பேனா. மற்றவர்கள் வீட்டுச் சாவி வைத்திருக்கும் பையில் ஒரு முத்திரைக் கட்டையும், கசிந்து கசிந்து துணியை ஊதாவாக்கிவிட்ட ஒரு மை டப்பாவும். தீயணைக்கும் வாளிகள் வரிசையாகத் தொங்கும் இடத்துக்கு வந்தால் நின்று எண்ணுவார்கள். எட்டா? எட்டு. சிவப்பா? சிவப்பு. வெள்ளை எழுத்தில் 'தீ' என்று இருக்கிறதா? இருக்கிறது. நடையைக் கட்டிவிடுவார்கள். வாளிக்குள் மணல் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால் உங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மணல் இருப்பதாகத்தான் ரிஜிஸ்டரில் இருக்கிறதே!

வீட்டிலும் இவர்கள் இப்படித்தான். லட்சுமிகாந்தத்தின் மனைவி செல்லக்கனி ஒருமுறை காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். லட்சுமிகாந்தம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்தார், கோப்பை எடுத்தார், ரத்தப் பரிசோதனைத் தாளை மூக்கருகே வைத்துப் படித்தார்.

"எல்லாம் நார்மல்னுதான போட்ருக்கான்?"

"அது போன வருசத்துப் பேப்பருங்க," என்றார் செல்லக்கனி, போர்வைக்குள்ளிருந்து.

"வருசம்தான் மாறியிருக்கு. ஆளு அதே ஆளுதான?"

இவர்களைப் பொய்யர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்ல உண்மை எது என்று தெரிந்திருக்கவேண்டும். இவர்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. திங்கட்கிழமை எழுதுவார்கள். செவ்வாய்க்கிழமை முத்திரை குத்துவார்கள். புதன்கிழமை அதையே எடுத்து வாசித்து நம்புவார்கள். நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்கள் உண்டு. அவர்களில் யாரும் இவ்வளவு சுருக்கமான வழியைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கந்தக பூமியில் இந்த இனம் செழித்து வளர்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டாசு கம்பெனியில் எந்த அறையின் கதவைப் பார்த்தாலும் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ எப்போதோ போன உயிர்கள் இருக்கின்றன. ஆனால் முன்னால் இருப்பது எழுத்து மட்டும்தான். லட்சுமிகாந்தம் ஒரு பட்டாசு கம்பெனியில் அந்த எழுத்துகளைப் பராமரிப்பவராக வேலைக்குச் சேர்ந்தார். சோதனை அதிகாரிகளின் ஜீப் வரப்போகிறது என்று தெரிந்தால் மற்றவர்கள் கூடுதல் ஆட்களை வேலிக்கு அந்தப்பக்கம் அனுப்புவதற்கு ஓடுவார்கள். அவர் பேனாவை மூடிவிட்டு டீ குடிப்பார். அவருடைய ரிஜிஸ்டரில் கூடுதல் ஆள் என்று ஒருவர் இருந்ததே இல்லை. முப்பது வருஷத்தில் எந்த அதிகாரியும் அவர் தாளில் ஒரு குறை கண்டதில்லை. இதை அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கம்பெனியில் யாருக்கும் காயம்பட்டதில்லை என்று அவர் சொன்னதில்லை. அது அவர் இலாகா இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் இரண்டு மூன்று கம்பெனிகளுக்குச் சான்று எழுதிக் கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்திருப்பார். கரண்டு விடவில்லை.

2008-இல் எங்கள் ஊர்களில் மின்சாரம் வந்துபோகும் விருந்தாளியாகிவிட்டது. வெயிலில் போகும், சமைக்கும்போது போகும், பிள்ளைகள் படிக்கும்போது போகும். சாத்தூரில் சுவர்க்கடிகாரமும் ரேடியோவும் விற்றுக்கொண்டிருந்த ஜமால் முகம்மது, இனி ஜனங்களுக்கு மணி தெரிவதைவிட வெளிச்சம் தெரிவதே முக்கியம் என்று கண்டுகொண்டார். சீனாவிலிருந்து சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்குகளைத் தூத்துக்குடி வழியாக நேராக இறக்க ஏற்பாடு செய்தார். ஆயிரம் விளக்கு. முதல் இறக்குமதி. நல்ல மனிதர், தராசில் கை வைக்காதவர் என்று பேர் வாங்கியவர். ஆனால் தாளைக் கண்டால் ஒதுங்கிவிடுவார். அதனால் லட்சுமிகாந்தத்தைக் கூப்பிட்டார்.

வெளிநாட்டு விளக்கு ஒன்று உள்ளூர் வீட்டுக்குள் நுழைய என்னென்ன வேண்டும்? பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவர் பெயர், அவர் முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, இறக்குமதியான மாதம், அதிகபட்ச விலை. ஆறு விவரம். அதுபோக, மொத்தமாக வாங்கும் கம்பெனிகள் சோதனைக்கூட அறிக்கை ஒன்றையும் கேட்கும். மின்சாரத்தில் செருகும் சாமானாயிற்றே. முதல் ஆறும் வாங்குகிறவரின் பைக்காக. கடைசி ஒன்றுதான் அவர் உயிருக்காக. லட்சுமிகாந்தம் முதல் ஆறுக்கு மூன்று நாள் செலவழித்தார். கடைசி ஒன்றுக்கு மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தை ஜமால் முகம்மதின் மகள் தஹ்மீனா எனக்குச் சொல்லியிருக்கிறாள். பி.காம். முடித்துவிட்டுக் கடைக் கம்ப்யூட்டரையும் கடிதப் போக்குவரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். சீனாவிலிருந்து வந்த சோதனை அறிக்கையை அச்செடுத்து நீட்டியிருக்கிறாள். லட்சுமிகாந்தம் அதன் மூலையில் இருந்த சிவப்பு முத்திரையைப் பார்த்து அசந்துவிட்டார். நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் படிக்க முடியாத எழுத்து, கோணாத வட்டம்.

"எம்புட்டு நேர்த்தியாக் குத்தியிருக்கான் பாருங்க பாய்! நம்மாளுக குத்துனா பாதி வட்டம் மேசையில விழும்."

"அத்தா," என்றாள் தஹ்மீனா, "இதுல இருக்கிற படம் வெளக்கு இல்ல. முடி காயவைக்கிற மிசினு."

லட்சுமிகாந்தம் கலங்கவில்லை. "ரெண்டும் ஒரே கம்பெனிதானம்மா?"

"ஒரே கம்பெனிதான்."

"ரெண்டும் கரண்டுல ஓடுறதுதான?"

"ஆமா."

"பிளக்கு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா? அண்ணன் பாசாயிட்டான்னா தம்பிக்கும் அதே ரத்தந்தான?"

"எங்க வீட்ல அப்படி நடக்கலையே மாமா," என்றாள் அவள். இரண்டு முறை பரீட்சை எழுதியவனான அவளுடைய தம்பி அப்போது கடையில் இல்லை.

ஜமால் முகம்மது சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சரியான அறிக்கையைக் கேட்டு எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. முத்திரை மேல் முத்திரை விழுந்தது. கோப்புக்குள் போயிற்று. அன்றிலிருந்து அது விளக்கின் அறிக்கை.

இனி லேபிள். இங்கேதான் நானும் வருகிறேன். ஒதுங்கி நின்று சிரித்தவனாக என்னைக் காட்டிக்கொள்ள வழியில்லை. சிவகாசியில் பாலகுருவின் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவன். ஆறு விவரங்களையும் லட்சுமிகாந்தம் மணிமணியாக எழுதிக் கொண்டுவந்தார். அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. வெற்றிடத்தைப் பார்த்தால் இந்த இனத்துக்கு மனசு கேட்காது.

"பாலகுரு, கீழ ஒரு எச்சரிக்கை போட்டா கம்பீரமா இருக்கும்லப்பா?"

"போடலாம் அண்ணாச்சி. என்னன்னு போட?"

"உன்கிட்ட ரெடியா என்ன இருக்கு?"

சிவகாசி அச்சகத்தில் எச்சரிக்கை என்று ரெடியாக என்ன இருக்கும்? பட்டாசுப் பெட்டிக்கு வருஷம் பூராவும் அடிக்கும் வாசகம் இருந்தது. பாலகுரு அதைத் தூக்கி அப்படியே ஒட்டினார். 'பெரியவர்களின் மேற்பார்வையில் பயன்படுத்தவும். திறந்தவெளியில் வைத்துப் பயன்படுத்தவும். பற்றவைத்தவுடன் விலகி நிற்கவும். அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளவும்.'

"அண்ணாச்சி, இது வெடிக்கு எழுதுனதுல்ல?" என்றேன் நான்.

"எச்சரிக்கைன்னா எச்சரிக்கைதான். எதுக்குன்னா என்ன?" என்றவர், கொஞ்சம் யோசித்து, 'பற்றவைத்தவுடன்' என்பதை அடித்துவிட்டு 'எரியவிட்டவுடன்' என்று சிவப்புப் பேனாவால் திருத்தினார். திருத்தியதில் அவருக்கு ஏகத் திருப்தி. நான் இரண்டு முற்றுப்புள்ளிகளைச் சரிசெய்து, அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டேன். மின்சார விளக்குக்கு அருகில் ஒரு வாளித் தண்ணீர் என்ற வாக்கியத்தில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

லேபிள் ஒட்டும் வேலைக்கு ஜமால் முகம்மதின் குடோனுக்கு அச்சங்குளத்திலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்களில் மாரிசெல்வி என்பவள் வாய்க்காரி. ஒட்டிக்கொண்டே வாசித்திருக்கிறாள். "ஏக்கா, வெளக்கப் போட்டுட்டு வெலகி நிக்கணுமாம்ல? அப்பறம் வெளிச்சம் யாருக்கு, வாளித் தண்ணிக்கா?" என்று கேட்டு மற்ற மூன்று பேரையும் பசையும் கையுமாகச் சிரிக்கவைத்திருக்கிறாள். ஜமால் முகம்மது அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, பெட்டி கிழிந்துபோன விளக்கு ஒன்றை அவளுக்குச் சும்மாவே கொடுத்தார். பிள்ளை படிக்கட்டும் என்றார்.

இந்த நேரத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி, தீபாவளிக்கு ஆளுக்கொரு விளக்கு கொடுப்பதென்று முடிவுசெய்தது. முந்நூறு விளக்கு. வழக்கமாக எவர்சில்வர் வாளி கொடுப்பார்கள். அந்த வருஷம் ஜனங்கள் இருட்டில் இருந்ததால் வெளிச்சம் கொடுத்தார்கள். கம்பெனி மேனேஜர் கோட்டைச்சாமி வேனோடு வந்து இறங்கியபோது, தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. லேபிள் எண்ணிக்கையில் நூறு குறைந்துவிட்டதென்று அதைக் கொடுக்க நானும் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன்.

இந்த இனத்தின் இரண்டு உருப்படிகள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளும் காட்சி அபூர்வமானது. பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கோட்டைச்சாமியின் கக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. கோப்பைப் பிரித்தார்கள்.

"டெஸ்ட் ரிப்போர்ட்?"

"இருக்கு."

"கம்பெனிக்கு ஒரு பாதுகாப்புச் சான்று தனியா வேணும். எங்க கேட்டுக்குள்ள குண்டூசி போறதா இருந்தாலும் பேப்பர் வேணும்."

"சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தாரேன். பேப்பர் பக்காவா இருக்கும்."

விளக்கு எரிகிறதா என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. வேனில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இருநூறு பெட்டி ஏறியிருக்கும். மாரிசெல்வி குடோன் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு முறம். முறத்தில் விளக்கு. அல்லது, விளக்காக இருந்தது. அதன் அடிப்பக்கம் வெல்லப்பாகு மாதிரி இளகி, வழிந்து, உறைந்துபோயிருந்தது.

"மொதலாளி, இதப் பாருங்க."

"என்னம்மா ஆச்சு?" என்று ஜமால் முகம்மது எழுந்தே விட்டார்.

"நேத்து மத்தியானம் கரண்டு வந்துச்சேன்னு சார்ஜுல மாட்டுனேன். கொல்லையில துணி தொவச்சிட்டு வாரேன், ஒரே தீச்ச நாத்தம். இது தீயா கொதிக்கி. தொடைப்பக் கட்டையக் கொண்டு வயரத் தட்டிவிட்டேன். எம் மக வேல்விழி அங்கன பக்கத்துலதான் படுத்திருந்தா மொதலாளி. அதுக்கு அங்கிட்டு அவுக அப்பா காலையில கம்பெனிக்குக் கொண்டுபோக வச்சிருந்த திரிக்கட்டு."

திரிக்கட்டு என்றதும் வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கைகளை நிறுத்தினார்கள். வெடிக்குச் செருகும் மருந்துத் திரி. அதற்கு நெருப்புகூட வேண்டாம், நல்ல சூடு போதும். அது எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டிய விஷயமில்லை.

லட்சுமிகாந்தத்துக்கு மட்டும் வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. "வீட்டுல திரி வச்சதே தப்பும்மா. சட்டப்படி வீட்டுல திரி கெடையாது."

"கெடையாதுன்னு சொல்லிட்டா இல்லாம போயிருமா? எங்க தெருவுல வந்து பாருங்க."

"சார்ஜு எம்புட்டு நேரம் போட்ட?"

"துணி தொவைக்கிற நேரம்."

"லேபிள்ல திறந்தவெளியில வைக்கணும்னு போட்ருக்கே, படிச்சியா?"

"நாந்தான ஒட்டுனேன்! ஆயிரம் தடவ படிச்சேன். பேப்பரு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வெளக்குதான் நல்லா இல்ல."

"ஏம்மா, ரிப்போர்ட்டுல—"

"ரிப்போர்ட்டா சுட்டுச்சு? இந்தா, இதான் சுட்டது." முறத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அந்தக் கம்பெனியிலதான் வேல. இப்ப வேன்ல ஏறுற முந்நூறுல ஒண்ணு தீவாளிக்கு மறுபடி என் வீட்டுக்கே வரும். நான் சார்ஜுல மாட்டாம தூக்கிப் போட்டுருவேன், எனக்குத் தெரியும். மத்த எரநூத்தித் தொண்ணூத்தொம்போது வீட்டுக்கும் தெரியுமா? அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் நான் தொடைப்பக் கட்டையோட ஓட முடியுமா?"

ஜமால் முகம்மது முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் இறக்குமதி, வங்கிக் கடன், முந்நூறு விளக்கு ஆர்டர். இவ்வளவும் ஒருபக்கம் இருந்தாலும், ஏற்றுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் கூசியது. "கோட்டைச்சாமி அண்ணே, ஒரு பத்து நாள் பொறுத்துக்கிட்டீகன்னா பிரிச்சுப் பாத்துருவோம்."

"தீவாளி முடிஞ்சு வெளக்குக் குடுத்தா எவன் வாங்குவான் பாய்? ஒரு வெளக்கு கெட்டுப்போச்சுன்னு முந்நூறையும் நிறுத்துவாகளா? சான்று குடுக்கீகளா, இல்ல நான் மதுரையில எடுத்துக்கிடவா?" கோட்டைச்சாமி முறத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "லட்சுமிகாந்தம் சார் கையெழுத்துப் போட்டா ஏத்துறோம். போடலேன்னா காரணத்த எழுத்துல குடுக்கட்டும். சூடா இருந்துச்சுன்னு ஒரு பொம்பளை சொன்னான்னு நான் எந்த ரிஜிஸ்டர்ல எழுத?"

ஜமால் முகம்மது லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நிறுத்தணும்னா நிறுத்திருவோம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கோப்பைப் பார்த்தார்.

வேன் நிற்கட்டும். கையெழுத்து விழுவதற்குள் உங்களோடு ஒரு வார்த்தை. இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். உங்கள் வண்டிக்குப் புகைச் சான்று எங்கே வாங்கினீர்கள்? பெட்ரோல் பங்க் ஓரத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டி எண்ணை மட்டும் சொல்லித்தானே? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வாங்கிய மருத்துவச் சான்றில், கண் பார்வை நன்று என்று எழுதிய டாக்டர் பிள்ளையின் கண்ணைப் பார்த்தாரா, உங்கள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாரா? பிறகு ஆறு மாதம் கழித்து, கரும்பலகை தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை சொன்னபோது நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள்? "நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரே" என்று சொல்லவில்லையா? நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வாளித் தண்ணீருக்கு முற்றுப்புள்ளி வைத்தவன் நான். நம் பைகளைத் துழாவினால் முத்திரைக் கட்டை இருக்காது; மை மட்டும் எப்படியோ கசிந்திருக்கும்.

சரி, குடோனுக்கு வாருங்கள்.

லட்சுமிகாந்தம், "சாம்பிள் ஒண்ணு பாக்கணும்" என்று சொல்லி வேனின் பின்புறத்துக்குப் போனார். நான் மீதி லேபிள் கட்டோடு அந்தப்பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மேலே இருந்த பெட்டி ஒன்றை இறக்கி, எனக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, லேபிளின் ஆறு விவரத்தையும் விரலால் தொட்டுத்தொட்டு வாசித்தார். பெயர், முகவரி, பொருள், எண்ணிக்கை, மாதம், விலை. ஆறும் இருந்தன. நான் திருத்தி அனுப்பியவை. பிறகு கட்டைவிரல் நகத்தை வைத்து, அவசரப்படாமல், ஐந்தாவது வரியைச் சுரண்டினார். காகிதத்தின் வெள்ளை தெரியும்வரை சுரண்டினார். ஊதித் துகளைத் தள்ளினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

"கோட்டைச்சாமி, லோடு போகாது."

"ஏன்?"

"இறக்குமதி மாசம் இல்ல. இந்தா பாரும்."

கோட்டைச்சாமி பெட்டியை வாங்கிப் பார்த்தார். இளகி வழிந்த விளக்கைத் திரும்பிப் பார்க்காத மனிதருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "மாசம் இல்லியே!"

"இல்ல."

"மத்ததுல இருக்கே?"

"சாம்பிள்ல ஒண்ணு தப்புன்னா லாட் முழுக்கத் தப்பு. உமக்குத் தெரியாததா?"

தெரியாமலா? முப்பது வருஷமாக அவரும் அதையேதான் ஓதி வந்திருக்கிறார். அதற்கு எதிராகப் பேச இந்த உலகத்தில் அவரிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. "ஏலே, எறக்குங்கலே எல்லாத்தையும்!" என்று ஏற்றியவர்களைப் பார்த்துக் கத்தினார். மாரிசெல்வி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளும் சேர்ந்து இறக்கினாள்.

"அண்ணாச்சி," என்றாள் பெட்டிகளுக்கு நடுவே, "நான் ஒட்டையில அம்புட்டுலயும் மாசம் இருந்துச்சே?"

"நீ வேலயப் பாரும்மா," என்றார் லட்சுமிகாந்தம்.

ஆயிரம் பெட்டிக்கும் லேபிளை உரித்து, புதிதாக அச்சடித்து ஒட்டப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் தஹ்மீனா ஒரு ரேடியோ மெக்கானிக்கைக் கூட்டிவந்து விளக்குகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னாள். பேட்டரி நிறைந்த பிறகும் சார்ஜை நிறுத்த எந்த ஏற்பாடும் உள்ளே இல்லை; பிளக்கைப் பிடுங்கும்வரை சூடேறிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் வேறு சார்ஜர் போட்டார்கள். ஜமால் முகம்மதுக்கு அந்த வருஷம் தீபாவளி வியாபாரம் போனது போனதுதான். முந்நூறு வீட்டுக்கும் எவர்சில்வர் வாளி போயிற்று.

லட்சுமிகாந்தத்துக்குப் போனது வேறு. அவர் தாளில் முதன்முதலாக ஒரு குறை என்ற செய்தியை கோட்டைச்சாமி கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோனார். "மாசம் விட்டுப்போச்சு சார், மாசம்! சின்னப்புள்ள பாத்தாக்கூடத் தெரியும். வயசாயிருச்சு மனுசனுக்கு." அவரிடம் சான்று எழுதி வாங்கிக்கொண்டிருந்த மூன்று கம்பெனிகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. அவர் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. மற்றபடி அவர் திருந்தியதாக நான் எழுதினால் அது இன்னொரு பொய்ச் சான்று. அடுத்த மாதமே ஒரு கல்யாண மண்டபத்தில் வாளிகளை எண்ணிவிட்டு, எட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆளைப் பாராட்டலாமா என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. உயிருக்குப் பயந்தாரா, அந்த முறத்துக்கு வெட்கப்பட்டாரா, அல்லது தன் கையெழுத்து எங்காவது எரிந்துபோன ஒரு வீட்டின் கோப்பில் இருந்துவிடும் என்று மட்டும் யோசித்தாரா? மறு வருஷம் அச்சகத்துக்கு ஏதோ ஒரு வேலையாக வந்தபோது, பாலகுரு வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வேனுக்குப் பின்னாடி அத ஏன் சுரண்டுனீக?"

லட்சுமிகாந்தம் தான் கொண்டுவந்த தாள்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்தார்.

"எத?" என்றார்.